நேரம் குறிக்காத கையெழுத்து

(சதுரங்கப்பட்டினத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நம் நாட்டில் குற்றவியல் நீதி நடக்கும் முறை' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் பேச ஒரு நீதிபதியைக் கூப்பிட்டிருக்கலாம், ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டிருக்கலாம். நான் திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ்ஸில் போய்வந்தே தலை நரைத்த வக்கீல். எடுத்து நடத்திய வழக்குகளில் பாதிக்கு மேல் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்னிடம் ஒப்படைத்தவை. ஆகவே முறை முழுவதும் எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது கட்டு. நாடா போட்டுக் கட்டி, ஓரம் மடங்கி, டீக்கறை படிந்து, பெஞ்ச் கிளார்க் மேஜையிலிருந்து நீதிபதி மேஜைக்குப் போகிறதே, அந்த வழக்குக் கட்டு. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்த ஊருக்கும் காகிதத்துக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1754 ஜனவரியில் சென்னையிலிருந்து ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் இங்கே வந்து உட்கார்ந்து பேசினார்கள். அப்போது இது டச்சுக்காரர் ஊர். இரண்டு தரப்புக்கும் பொது இடம். ஆற்காட்டு நவாப் பதவி யாருக்கு என்பது விவகாரம். ஆங்கிலேயர் சார்பில் பால்க், வான்சிடார்ட் என்று இருவர். பிரெஞ்சுத் தரப்பு, முகலாயப் பாதுஷா கொடுத்ததென்று சில சாசனங்களை எடுத்து வைத்தது. ஆங்கிலேயர் முத்திரையைப் பார்த்தார்கள், இது நம்பும்படி இல்லையே என்றார்கள். சில நாளிலேயே பேச்சு முறிந்தது. அந்த ஆண்டிலேயே பிரெஞ்சுக் கம்பெனி தன் புதுச்சேரி கவர்னர் டூப்ளேயைப் பதவியிலிருந்து இறக்கித் திருப்பி அழைத்துக்கொண்டது. அவர் விழுந்ததற்கு வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனாலும் பீரங்கி வைத்திருந்த இரண்டு கம்பெனிகள், ஒரு காகிதத்தின் முத்திரை மெய்யா பொய்யா என்று இதே மணலில் உட்கார்ந்து வாதாடின என்பதை நினைத்தால் எனக்கு ஒரு வக்கீல் சந்தோஷம்.

இனி இன்றைய காகிதத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஒரு குற்றம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரங்கப்பட்டினம் காவல் நிலையத்தில் ஒருவர் போய்ப் புகார் கொடுக்கிறார். முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அதன் அசல், தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச்சேர வேண்டும். கொலை மாதிரிப் பெரிய வழக்கென்றால் அதற்கு 'எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.' என்று பெயர். இரவு இரண்டு மணி ஆனாலும் ஒரு கான்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளில் அதை எடுத்துக்கொண்டு போய் மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் தூக்கக் கலக்கத்தோடு வாங்கிப் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் மணியும் எழுதுவார். மொத்தம் ஒரு வரி. ஆனால் பத்து வருஷம் கழித்து உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். சம்பவம் மாலை ஏழு மணி, எஃப்.ஐ.ஆர். இரவு எட்டு மணி என்று எழுதியிருக்கிறது. மாஜிஸ்திரேட்டுக்கு வந்ததோ மறுநாள் மதியம் மூன்று மணி. நடுவில் இத்தனை மணி நேரம் அந்தக் காகிதம் எங்கே இருந்தது? யாரை உட்காரவைத்து, யாரைக் கேட்டு, யார் பெயரைச் சேர்த்து எழுதினீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் விழுந்த வழக்குகள் எத்தனையோ.

அங்கிருந்து மேலே போகிற பாதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். சிறு குற்றமென்றால் திருக்கழுக்குன்றம் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே விசாரணை நடந்து முடிந்துவிடும். கொலை, கொள்ளை என்றால் மாஜிஸ்திரேட் அதற்கு ஒரு பி.ஆர்.சி. நம்பர் கொடுத்து, குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு ஆவணங்களின் நகலையும் கொடுத்து, செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குக் கமிட் செய்வார். பெண்கள் மீதான குற்றங்களுக்கு அங்கேயே மகிளா நீதிமன்றம் இருக்கிறது. செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனை விதித்தால் அது தானாக நிறைவேறாது. உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியாக வேண்டும். அதற்கு மேல் டெல்லி. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்ணும் மாறிவிட்டன. வாயில் நுழையாத மூன்று பெயர்கள். என் வயதுக்காரர்கள் இன்னும் '302' என்றுதான் சொல்கிறோம், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு '103' என்று திருத்துகிறோம். பாதை பெரும்பாலும் பழைய பாதைதான்.

இந்தப் பாதையில் ஒரு வழக்கு போய்வந்த கதையைச் சொல்கிறேன். நம் செங்கல்பட்டு வழக்கு. 2017 பிப்ரவரியில் முகலிவாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பெண் குழந்தை காணாமல் போனாள். பிறகு எரிந்த நிலையில் உடல் கிடைத்தது. குழந்தையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது என்பது சட்டம். அன்று தொலைக்காட்சிகள் அந்தச் சட்டத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதே கட்டிடத்தில் குடியிருந்த இளைஞர் ஒருவர் கைதானார். அவர் பெயரையும் இன்று சொல்லப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் புரியும். அவர்மீது பின்னால் வேறொரு வழக்கும் வந்தது. அது தனிக்கதை, அதைத் தொடவில்லை.

செங்கல்பட்டு மகிளா நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19 அன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. கோர்ட் வாசலில் அன்று கூடிய கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிப்படுத்தியது. ஒன்றரை வருஷத்துக்குள் இரண்டு நீதிமன்றங்கள். 'இப்படித்தான் நடக்கணும்' என்று வக்கீல்கள் அறையிலேயே பேசிக்கொண்டோம். நானும் பேசினேன்.

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவரை விடுதலை செய்தது.

ஊர் கொதித்தது. நீதி செத்துவிட்டது என்று எழுதினார்கள். தீர்ப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்? நான் படித்தேன். படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றம் கொடியது என்பதில் நீதிபதிகளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவர்கள் கேட்டது வேறு: இவர்தான் செய்தார் என்பதற்குக் கட்டில் என்ன இருக்கிறது?

நேரில் பார்த்த சாட்சி கிடையாது. அப்படிப்பட்ட வழக்கில் சூழ்நிலைச் சான்றுகளைச் சங்கிலி மாதிரி கோக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி இல்லை. குழந்தையை அவரோடு கடைசியாகப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். பெற்றோர் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது இதை ஏன் அவர் சொல்லவில்லை? பக்கத்துக் கோயில் சி.சி.டி.வி.யில் அவர் பையோடு போவது பதிவாகியிருக்கிறது என்பது போலீஸ் கதையின் முதுகெலும்பு. தமிழ்நாடே பேசிய பதிவு அது. அந்தப் பதிவு சட்டப்படி கைப்பற்றப்பட்டு நீதிமன்றத்தில் சான்றாக நிரூபிக்கப்படவே இல்லை. கைதானவர் கொடுத்த வாக்குமூலம், அதன்பேரில் பொருள்களை எடுத்த விதம், தடய அறிவியல் அறிக்கை என்று ஒவ்வொன்றிலும் கண்ணி விட்டிருந்தது.

இன்னொன்று, எனக்கு வெட்கமாக இருந்த விஷயம். குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வக்கீல் இல்லை. சட்ட உதவி வக்கீல் பிறகுதான் நியமிக்கப்பட்டார். கட்டைப் படிக்க அவருக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே தூக்கும் விதித்தாயிற்று. அவரது மனநிலை என்ன, பின்னணி என்ன என்று எந்த அறிக்கையும் வாங்கவில்லை. உயிரை எடுக்கும் தண்டனைக்கு முன்னால் அதெல்லாம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980 முதல் சொல்லிவருகிறது.

சரி, அவர்தான் செய்தாரா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்தப் பெற்றோருக்கு இனி தெரியவே போவதில்லை, அதுதான் கொடுமை. முதல் வாரத்தில் ஒழுங்காக ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்து, உறையிலிட்டு, அரக்கு வைத்து, மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தால் அந்தத் தாய்தந்தையருக்கு ஏதோ ஒரு பக்கமாக ஒரு பதில் கிடைத்திருக்கும். செய்யாத அந்த வேலைக்கு எட்டு வருஷம் கழித்து டெல்லியில் மூன்று நீதிபதிகள் திட்டு வாங்கினார்கள்.

இங்கே வாக்குமூலம் பற்றி ஒரு வார்த்தை. 'அவனே ஒத்துக்கிட்டானே சார்' என்று என்னிடம் டீக்கடையில் கேட்காத ஆளில்லை. போலீஸ் அதிகாரியிடம் ஒத்துக்கொண்டது செல்லாது. வெள்ளைக்காரன் 1872இல் எழுதிய சாட்சியச் சட்டத்திலேயே அது இருக்கிறது. தன் போலீஸை அவனே நம்பவில்லை! புதிய சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஒரே ஒரு விலக்கு. கைதானவர் சொன்னதன்பேரில் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட வரி மட்டும் செல்லும். கோர்ட் பாஷையில் 'ஒப்புதல் வாக்குமூலத்தில் ஏற்கத்தக்க பகுதி'. நான்கு பக்க வாக்குமூலத்தில் 'என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டுகிறேன்' என்ற ஒரு வாக்கியம் இருக்கும். வடக்கே பொன்னேரியிலிருந்து தெற்கே நாகர்கோவில் வரை எல்லாக் கைதிகளும் வார்த்தை பிசகாமல் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். படித்தவன், படிக்காதவன், ஊமை எல்லாரும்.

இதற்குச் சாட்சியாகப் பெரும்பாலும் இரண்டு பேர்: கிராம நிர்வாக அலுவலர், அவருடைய உதவியாளர். பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் இவர்கள் கையெழுத்து இருக்க வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால் நான் நடத்திய ஒரு வழக்கு. நிலையத்தின் பெயர் வேண்டாம். இருளர் பையன் ஒருவன், பம்ப்செட் மோட்டார் திருடிவிட்டான் என்று வழக்கு. ஏரிக்கரையில் வேலிகாத்தான் புதரிலிருந்து மோட்டாரை எடுத்துக் கொடுத்ததாக மகஜர். உதவியாளர் கூண்டில் ஏறினார். நல்ல மனிதர், வயதானவர், துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"ஐயா, ஏரிக்கரைக்கு எதிலே போனீங்க?"

பதில் இல்லை.

"மோட்டாரை முதல்ல எங்க பார்த்தீங்க?"

"ஸ்டேஷன்ல பார்த்தேங்க."

"கையெழுத்து எங்க போட்டீங்க?"

"டீக்கடையில போட்டேங்க. ஏட்டய்யா கொண்டாந்து குடுத்தாரு."

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கு அந்த நிமிடத்தில் முடிந்தது. பையன் விடுதலை. ஆனால் அதற்குள் அவன் உள்ளே இருந்தது ஐந்து மாதம். ஜாமீன் முதல் மாதமே கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வர இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், சொத்துக் காகிதம் வேண்டும். செங்கல்சூளையில் முன்பணம் வாங்கி உழைக்கிற குடும்பத்துக்கு வீட்டுவரி ரசீது எங்கிருந்து வரும்? அவன் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, கோர்ட் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நான் வெளியே வந்ததும் எழுந்து நிற்பாள். "எப்பங்க வுடுவாங்க?" என்பதைத் தவிர அவள் என்னிடம் வேறு கேள்வி கேட்டதே இல்லை. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வரும்.

டீக்கடையில் வாங்கிய அந்தக் கையெழுத்துக்கு இரண்டு முனை. பையன் நிரபராதி என்றால் அது அவனை உள்ளே தள்ளியது. திருடியவன் அவன்தான் என்றால் அதுவே அவனைத் தப்பவைத்தது. மோட்டாரைப் பறிகொடுத்த விவசாயிக்கு இரண்டிலும் நஷ்டம்.

ரிமாண்டு பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. எதற்காக? ஆளைப் பார்ப்பதற்காக. நடக்கிறானா, நொண்டுகிறானா, அடித்தார்களா என்று கேட்பதற்காக. என்னைக் கேட்டால் ஒரு மாஜிஸ்திரேட் செய்கிற வேலைகளில் ஆகப் பெரியது இதுதான், தீர்ப்பெழுதுவதுகூட அடுத்ததுதான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல், கோர்ட் கலைகிற நேரத்தில், வேனிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்தி, பெயர் கேட்டு, 15 நாள் என்று எழுதி அனுப்புகிற ரிமாண்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் ரிமாண்டு ஆகிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன சில நாளில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். ரிமாண்டின்போது அந்த உடம்புகளை யாராவது உற்றுப் பார்த்திருந்தால் என்ற கேள்வி அப்போது நாடு முழுக்க எழுந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். செங்கல்பட்டிலேயே, 1887இல் சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கிய இல்லம் இருக்கிறது. 2022 டிசம்பர் 29 அன்று, ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவனை அங்கே கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்தார்கள். 31ஆம் தேதி அவன் உயிரோடு இல்லை. கண்காணிப்பாளர் உள்பட இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைத் தனிநபர் குழுவாக நியமித்தது. கூர்நோக்கு இல்லங்களை எப்படித் திருத்துவது என்று 2023இல் அவர் அறிக்கை கொடுத்தார். கூர்நோக்கு இல்லம் வயது வராத பிள்ளைகளைத் தண்டிப்பதற்கான இடமே அல்ல. விசாரணை முடியும்வரை பத்திரமாக வைத்திருப்பதற்கான இடம். இரண்டு நாள் பத்திரமாக வைத்திருக்க முடியவில்லை.

முகலிவாக்கம் வழக்குக்குக் கூடிய கூட்டம் இந்தப் பையனுக்குக் கூடவில்லை. நானும் போகவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சாட்சிகளைப் பற்றி இங்கே நிறையப் பேசலாம். பிறழ் சாட்சி என்றால் காசு வாங்கிக்கொண்டு மாறிவிட்டான் என்று நினைக்கிறோம். சிலர் அப்படித்தான். ஆனால் ஒரு மீனவர் சாட்சி சொல்ல வர வேண்டுமானால் அன்றைக்குக் கடலுக்குப் போக முடியாது. காலை பத்தரைக்கு வந்து, மாலை வரை வராந்தாவில் நின்று, 'நீதிபதி லீவு, அடுத்த மாதம் வாங்க' என்று கேட்டுத் திரும்புவார். மூன்றாவது முறை எதிரியின் மாமனே டீ வாங்கிக் கொடுத்து, நம்ம ஊர்க்காரங்கதானே என்பார். ஐந்தாவது முறை சாட்சிக்கு எல்லாம் மறந்துபோகும். தர்மபுரி வாச்சாத்தியில் 1992 ஜூனில் அரசு ஊழியர்கள் ஊர்மக்கள்மீது நடத்திய கொடுமைக்கு விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பரில் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் இத்தனை வருஷமும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு மறக்கவில்லை. சாட்சி என்றால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

'நீதிபதியை நம்ப முடியாது, பொதுமக்களையே தீர்ப்புச் சொல்லவிட்டால் என்ன?' என்று போன வாரம் ஓர் இளைஞர் கேட்டார். விட்டுப் பார்த்தோமே! ஜூரி என்று அதற்குப் பெயர். நம் நாட்டில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அதன் கதை முடிந்தது. இலங்கையில் இன்றும் ஏட்டில் இருக்கிறது. அந்த நாடே ஒரு வேடிக்கை. இங்கே கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்கள் விட்டுப்போன சட்டம் அங்கே சிவில் விவகாரங்களில் இன்னும் ஓடுகிறது. இங்கே இடிந்த கோட்டையும் கல்லறைகளும் மட்டும் மிச்சம். குற்றத்துக்கோ அங்கேயும் நம் மெக்காலே சட்டத்தின் அச்சில் வார்த்த 1883 தண்டனைச் சட்டம். யாழ்ப்பாணத்து நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருஷம் கழித்து, சிங்களர் மட்டுமே இருந்த ஜூரி குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. ஊர் தீர்ப்புச் சொல்லட்டும் என்கிற தம்பி, எந்த ஊர் என்று முதலில் கேட்க வேண்டும்.

போலீஸே துப்பாக்கியால் சுட்டுவிட்டால் வழக்கே வேண்டாமே என்று கைதட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டீக்கடையில் மகஜர் எழுதுகிற கையில்தான் அந்தத் துப்பாக்கியும் இருக்கிறது. மோட்டார் விஷயத்தில் அந்தக் கையை நம்ப முடியாது என்று நானே கூண்டில் வைத்து நிரூபித்திருக்கிறேன்.

போலீஸ்காரர்களைத் திட்டிவிட்டு இறங்குவது சுலபம். கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் பந்தோபஸ்து, திருவிழா, மந்திரி வருகை, மாமல்லபுரத்துக்கு வெளிநாட்டுத் தலைவர் வருகை என்று நின்றுவிட்டு, இரவு பதினொரு மணிக்கு நிலையத்துக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் கேஸ் டைரி எழுதுகிற சப்-இன்ஸ்பெக்டர்களையும் எனக்குத் தெரியும். புலன்விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனி ஆட்களிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. பெரிய நகரங்களில் ஓரளவு நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்துக்கு ஓடுகிறவரும் கொலைக்கு மகஜர் எழுதுகிறவரும் இன்றும் ஒரே ஆள்தான்.

புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒன்றை நான் மனமார வரவேற்கிறேன். சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் செல்போனிலாவது படம் பிடித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 105ஆம் பிரிவு. ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் நேரில் வர வேண்டும் என்கிறது 176. நல்லது. என் உதவியாளர் கிழவரை இனி ஏரிக்கரைக்கு உண்மையாகவே அழைத்துப்போவார்கள். ஆனால் முகலிவாக்கத்தில் கேமரா இல்லாமலா போயிற்று? கேமரா இருந்தது, காட்சி இருந்தது, கோர்ட்டுக்கு வரவில்லை. படம் பிடிக்கச் சட்டம் போதும். அதைக் கட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு மனிதன் வேண்டும்.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வந்திருப்பவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். உங்கள் தெருவில் ஒரு பெண்ணோ குழந்தையோ, பட்டியல் சாதி பழங்குடியைச் சேர்ந்தவரோ, காவலில் இருக்கும் எவரோ வக்கீலுக்குக் காசில்லை என்றால், வருமானச் சான்று தேடி அலையவிடாதீர்கள். அவர்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஏதோ நடந்து, போலீஸ்காரர் வந்து மகஜரில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால், 'எனக்கெதுக்கு வம்பு' என்று கதவைச் சாத்தாதீர்கள். போங்கள். எடுத்த பொருளைக் கண்ணால் பாருங்கள். எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே தேதியையும் மணியையும் உங்கள் கையாலேயே எழுதிவிட்டு வாருங்கள்.